சங்கடஹர சதுர்த்தியும் இரண்டரை வினாடியும்

இந்தக் காலத்தில் யாருக்குமே வாயைத் திறந்து பேசத் தெரியவில்லை. பேங்க் கவுண்ட்டரில் இருக்கும் பெண் கண்ணாடியோடு பேசுகிறாள். மருந்துக் கடைக்காரர் மாத்திரை அட்டையோடு பேசுகிறார். வெளிநாட்டிலிருந்து என் பிள்ளை போன் செய்தால் பாதி வார்த்தை வழியிலேயே இறங்கிக்கொள்கிறது. சீரியல் மாமியார்கள்கூட இப்போதெல்லாம் மருமகளை ரகசியமாகத்தான் திட்டுகிறார்கள். நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன், என் வீட்டுக்காரர் வந்து குறைப்பார்.

முணுமுணுப்பில் அவரை அடிக்க ஆள் கிடையாது. ரிட்டயர் ஆனதிலிருந்து மனுஷருக்குப் பேச்சு எல்லாமே தொண்டைக்குள்தான். பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டே ஏதோ சொல்வார். "என்ன சொன்னேள்?" என்பேன். மறுபடியும் ஏதோ சொல்வார். "என்னன்னா?" என்று நான் குரலை உயர்த்தினால், "ஒண்ணுமில்ல!" என்பார். அது மட்டும் தெப்பக்குளம் வரைக்கும் கேட்கும். எங்கள் வீட்டுச் சண்டைகளில் முக்கால்வாசி அந்த ஒண்ணுமில்லையில் ஆரம்பித்தவை.

எனக்குக் கோபம் வருவதில் நியாயம் இருக்கிறது. நான் காதை வைத்துச் சோறு சாப்பிட்டவள். வெளியூருக்குப் போன் பேச டிரங்க் கால் என்று ஒன்று இருந்த காலத்தில், எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து அதை இணைத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. இடது காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால், "திருச்சி லைன்ல இருக்கா, பேசுங்கோ" என்று சொல்லிவிட்டு விலகிக்கொள்ள வேண்டும். பிள்ளை பிறந்தது, பெண் பார்க்க வருவது, அப்பா போய்விட்டது, எல்லாம் என் காது வழியாகத்தான் ஊருக்குப் போயிற்று. அதில் ஒன்றுகூட எனக்கு வந்த அழைப்பு இல்லை.

அந்தக் குறையில்தானோ என்னவோ, ஹாம் ரேடியோ என்னைப் பிடித்துக்கொண்டது. சர்க்கார் நடத்தும் பரீட்சையை எழுதி உரிமம் வாங்கிவிட்டால், சொந்தமாக ரேடியோப் பெட்டி வைத்துக்கொண்டு உலகத்தில் இருக்கும் மற்ற ஹாம்களோடு பேசலாம். வியாபாரம் கிடையாது, அரட்டைகூட அதிகம் கிடையாது. "கேக்கறதா?" "கேக்கறது." அவ்வளவுதான். அதற்காக மாடியில் கம்பி கட்டி, காக்காயோடு சண்டை போட்டு, தந்தி அடிக்கும் மோர்ஸ் பாஷையைக் கற்றுக்கொண்டு, குடும்பத்தில் எல்லோரிடமும் பைத்தியம் என்று பேர் வாங்கினேன்.

ஹாம்களிலேயே முற்றிய பைத்தியங்கள் செய்வது ஒன்று உண்டு. நிலாவைப் பார்த்து ரேடியோ அலையை அனுப்புவது. அலை நிலாவில் மோதித் திரும்பும். போக ஒன்றேகால் வினாடி, வர ஒன்றேகால் வினாடி. நாம் மோர்ஸில் "டா" என்று ஒரு நீள ஒலியை அனுப்பிவிட்டுக் காத்திருந்தால், இரண்டரை வினாடி கழித்து நம்முடைய "டா" நமக்கே திரும்பி வரும், வழியெல்லாம் தேய்ந்து, இருக்கிறதா இல்லையா என்ற அளவில். பெரிய ஆன்டெனா வைத்திருப்பவர்கள் அதைக் கேட்டிருக்கிறார்கள். எனக்கும் கேட்க வேண்டும். ஊராருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தவளுக்கு, தன் குரல் ஒரே ஒரு தடவை எங்கேயாவது போய்த் தன்னிடமே திரும்பி வர வேண்டும் என்று இருக்காதா? எனக்கு இருந்தது, வெறியாகவே இருந்தது.

எங்கள் அடுக்குமாடி மொட்டை மாடியில் எத்தனையோ முறை முயன்று பார்த்தேன். மயிலாப்பூரில் நிலாவைக் கேட்பது கச்சேரிக்கு நடுவே மிக்ஸியைப் போட்டுவிட்டுத் தம்புராவைக் கேட்பது மாதிரி. பக்கத்து வீட்டு எல்.இ.டி. பல்பு இரைகிறது, எதிர் வீட்டு இன்வர்ட்டர் உறுமுகிறது, லிஃப்ட் ஏறினால் ஒரு சத்தம், இறங்கினால் ஒரு சத்தம். ஒவ்வொரு முறையும் நான் கீழே இறங்கி வந்தால் அவர் கேட்பார், "என்ன, கேட்டுதா?" நான் சொல்வேன், "ஒண்ணுமில்ல." எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை நானும் புழங்கியிருக்கிறேன், மறுக்கவில்லை.

போன வருஷம் எங்கள் கட்டடத்தை இடித்துக் கட்டுவது என்று முடிவாயிற்று. வாடகை வீட்டுக்குப் போக வேண்டும், அங்கே மொட்டை மாடிச் சாவியை வீட்டு ஓனர் யாரிடமும் தரமாட்டார். ஒரு நாள் சமையலறையில் எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, ஆத்திரத்தில் சொன்னேன்: "இன்னும் ஒரே ஒரு தடவை முயற்சி பண்றேன். கேக்கலேன்னா ரேடியோ, ஆன்டெனா எல்லாத்தையும் வித்துடறேன். போறும்."

பக்கத்தில் நின்று கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தவர் ஏதோ சொன்னார்.

"என்ன சொன்னேள்?"

மறுபடியும் ஏதோ சொன்னார்.

"என்னன்னா?"

"ஒண்ணுமில்ல!"

இத்தனை வருஷத்துப் பித்தை ஒருத்தி விட்டுவிடுகிறேன் என்கிறாள், கட்டின புருஷனுக்கு அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லையாம். அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை.

கடைசி முயற்சிக்கு மாடி ஆகாது, இரைச்சல் இல்லாத இடத்துக்கு எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்று தீர்மானித்தேன். ஊரை விட்டு எங்கேயோ போக வேண்டியதில்லை. பெசன்ட் நகர் கடற்கரையில் ஊரூர் ஒல்காட் குப்பத்தைத் தாண்டி வடக்கே, ஆற்று முகத்துவாரம் பக்கம் நடந்தால் விளக்கும் இல்லை, லிஃப்டும் இல்லை. அதோடு கிழக்கே முழுக்கக் கடல். நிலா கடலிலிருந்து எழும்பும் நேரத்தில் தண்ணீர் கண்ணாடி மாதிரி வேலை செய்து, சின்ன ஆன்டெனாவுக்கும் பெரிய ஆன்டெனாவின் பலத்தைக் கொடுக்கும். ஆனால் நிலா தாழ்வாக இருக்கும் வரைக்கும்தான் அந்தச் சலுகை. முக்கால் மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம். கொஞ்சம் உயர்ந்துவிட்டால் போயே போச்சு.

பௌர்ணமியன்று கடற்கரையில் பாதி சென்னை இருக்கும். அதனால் நிலா பூமிக்குக் கிட்டே வருகிற நாளாகப் பார்த்துக் குறித்தேன். காலண்டரைப் பார்த்தவர் முகம் தொங்கிவிட்டது.

"அன்னிக்குச் சங்கடஹர சதுர்த்தின்னா!" என்று நான்தான் வாய்விட்டுச் சொன்னேன்.

இங்கே அவருடைய விரதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது, சாப்பாட்டைக் குறையுங்கள் என்றார் டாக்டர். டாக்டர் சொன்னால் கேட்கிற வம்சம் இல்லை, அதனால் பிள்ளையாரை நடுவில் இழுத்துக்கொண்டார். மாதா மாதம் தேய்பிறைச் சதுர்த்தியன்று பகல் முழுக்கப் பட்டினி, சாயங்காலம் பிள்ளையார் கோயில், நிலா எழுந்ததும் அதைப் பார்த்துத் தண்ணீர் விட்டுக் கும்பிட்டுவிட்டுச் சாப்பாடு. நிலாவைக் கண்ணால் பார்க்காமல் பருக்கை உள்ளே போகாது. எங்கள் தெருவுக்குக் கிழக்கே அடுக்குமாடி முளைத்த பிறகு, மொட்டை மாடியிலிருந்தும் தெரியாமல், நிலாவைத் தேடித் தெருத் தெருவாக அலைவார். பசியோடு அலைகிற மனுஷர் ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து ஸ்கூட்டரில் இடித்துக்கொண்டதும் உண்டு.

"கடற்கரையில உடனே தெரியும். நானும் வரேன்" என்று உரக்கவே சொன்னார். பசி விஷயத்தில் அவருக்குக் குரல் நன்றாகவே எழும்பும்.

ஒரு குட்டி யானை லோடு வண்டியைப் பேசிக்கொண்டோம். பின்னால் ஆன்டெனாவின் அலுமினியத் தண்டு, குறுக்குக் கம்பிகள், ரேடியோப் பெட்டி, சிக்னலைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயர், வீட்டு இன்வர்ட்டரிலிருந்து கழற்றிய பேட்டரிகள், ஒரு மடக்கு மேசை, நாற்காலிகள், அவருடைய டிபன் கேரியர். டிரைவருக்கு நாற்பது வயதிருக்கும், வாய் ஓயாத ஆள். வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த தண்டு நுனியில் சிவப்புத் துணியைக் கட்டிவிட்டுக் கேட்டார்:

"இன்னாம்மா இது, இம்மா நீட்டா கீது? பந்தல் போடவா?"

"நிலாவுக்கு சிக்னல் அனுப்ப."

அவர் என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் தலையை மட்டும் ஆட்டினார். "ரைட்டு" என்று டிரைவர் வண்டியைக் கிளப்பினார். அதற்கு மேல் அவர் கேட்காததே எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது.

முன் சீட்டில் மூன்று பேர் ஒட்டிக்கொண்டோம். காற்று வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டார். நான் நடுவில், கியர் போடும்போதெல்லாம் முட்டியில் இடி. இடது பக்கத்திலிருந்து மயிலாப்பூர் தொடங்கி அடையாறு பாலம் தாண்டும் வரை அவர் என்னவோ சொல்லிக்கொண்டே வந்தார், வலது பக்கத்திலிருந்து டிரைவர் பதில் சொல்லிக்கொண்டே வந்தார். நடுவில் இருந்த எனக்குத்தான் அவர் சொன்னது எதுவும் புரியவில்லை. வண்டிச் சத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

குப்பத்தில் முன்கூட்டியே பெரியவர்களிடம் சொல்லி வைத்திருந்தோம். வண்டி மணலில் இறங்காது, தெரு முனையிலிருந்து தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். டிரைவரும் கை கொடுத்தார். கருவாட்டுக் கூடையை மூடிக்கொண்டிருந்த ஒரு அம்மாள் ஆன்டெனாவைப் பார்த்துவிட்டு, "யக்கா, இதுல எல்லா சேனலும் வருமா? எங்க வூட்டுக்கும் ஒரு ஒயர் உடேன்" என்றாள். நிலா சேனல் மட்டும்தான் வரும் என்றேன். "அது எங்களுக்குத் தெனம் வருது" என்று கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

எல்லாவற்றையும் பூட்டி, ஆன்டெனாவைக் கடலின் விளிம்புக்குக் குறி வைத்து நிறுத்தியபோது நன்றாக இருட்டிவிட்டது. ரேடியோவைத் திறந்தேன். ஆகா, என்ன நிசப்தம்! இரைச்சல் என்று ஒன்றுமே இல்லை, 'உஸ்' என்று ஆகாயத்தின் மூச்சு மட்டும். மனசு குதித்தது. தலையைத் தூக்கிக் கிழக்கே பார்த்தேன். கடல் மேல் மதில் சுவர் கட்டினது மாதிரி மேகம்.

"போச்சு" என்றார் அவர். இது தெளிவாகவே கேட்டது.

"மேகத்தை ரேடியோ அலை துளைச்சிண்டு போயிடும். எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல" என்றேன்.

"எனக்கு?" என்று டிபன் கேரியரைப் பார்த்தார்.

நிலா எழ வேண்டிய நேரம் வந்தது. மேகத்துக்குப் பின்னால் எழுந்திருக்கும், கணக்கு பொய் சொல்லாது. என் பழைய ஒற்றைக் காது ஹெட்செட்டை மாட்டினேன். ரேடியோவுக்கு ஒரு காது, குக்கர் விசிலை எண்ண ஒரு காது என்று பழகிய கை, அது தானாக இடது காதுக்குத்தான் போகும். தந்திக் கட்டையை அழுத்தினேன். டா, டா, டா. நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். உஸ். மறுபடியும். உஸ். மறுபடியும் மறுபடியும். ஆன்டெனாவை ஒரு விரல் அளவு இப்படி, ஒரு விரல் அளவு அப்படித் திருப்பினேன். உஸ்.

முக்கால் மணியில் பாதி கரைந்தது. விற்றுவிடுகிறேன் என்று சொன்ன வாய் என்னுடையது, அதைத் திருப்பி எடுத்துக்கொள்கிற பழக்கம் எனக்கு இல்லை. இந்தப் பெட்டியை யாரோ வந்து துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போவது கண் முன்னால் தெரிந்தது.

டிபன் கேரியரைப் பார்க்காமல் இருப்பதற்காகவோ என்னவோ, அவர் பிள்ளை விட்டுப்போன இரண்டு காது ஹெட்போனை எடுத்து இன்னொரு துளையில் செருகிக்கொண்டு உட்கார்ந்தார். நான் கட்டையைத் தட்டினேன். அவர் நிமிர்ந்தார்.

"அதோ, வந்துதே!"

"எது?"

"நீ அடிச்சது. திரும்பி வந்துது."

நான் அவரைப் பார்த்த பார்வையில் இன்னொருவராக இருந்தால் கடலில் இறங்கியிருப்பார். விடியற்காலையிலிருந்து வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் மனுஷர். நிலா இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், கேரியரைத் திறந்துவிடலாம். அவருக்கு நிலா கேட்காமல் வேறு யாருக்குக் கேட்கும்!

"பசில காது அடைக்கறது உங்களுக்கு" என்றேன்.

"இல்லடி, நன்னாக் கேக்கறது. ஆனா சுருதி மாறி வரது. நீ ஸ அடிச்சா அது ப-வாத் திரும்பறது."

எனக்குக் கை நின்றுவிட்டது. விஷயம் என்னவென்றால், நிலா எழும்பும்போது பூமி நம்மை அதன் பக்கம் சுழற்றிக்கொண்டு போகிறது. மாம்பலம் ஸ்டேஷனில் நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் சற்று மேலே கேட்கிற மாதிரி, எதிரொலியும் மேல் சுருதியில்தான் வரும். எவ்வளவு மேலே என்று நான் வீட்டிலேயே கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஏறக்குறைய பஞ்சமம்தான். இதை நான் அவரிடம் சொன்னதே இல்லை. சொல்லியிருந்தாலும் அவருக்குப் புரியாது. மார்கழியில் சபா சபாவாக அலைந்து தொடையில் தாளம் போடத்தான் தெரியும்.

ஆனாலும் பசித்தவன் சாட்சியை அப்படியே ஏற்க என் மனசு ஒப்பவில்லை. பரீட்சை வைத்தேன். அவரை ஹெட்போனோடு எங்களுக்கு முதுகைக் காட்டி, குப்பத்து விளக்குகளைப் பார்த்து உட்காரச் சொன்னேன். நான் அனுப்பும் சத்தம் அவர் காதுக்கு நேராக வராதபடி ஒரு பொத்தானை அணைத்தேன். தந்திக் கட்டையைத் துண்டால் மூடிக்கொண்டேன். டிரைவர்தான் நடுவர். நான் எத்தனை 'டா' அனுப்புகிறேன் என்று அவரிடம் விரலால் காட்டுவேன், என் வீட்டுக்காரர் எத்தனை வந்தது என்று கையைத் தூக்கிக் காட்ட வேண்டும்.

இரண்டு அனுப்பினேன். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு விரல் உயர்ந்தது.

"கரீட்டு!" என்றார் டிரைவர்.

மூன்று அனுப்பினேன். மூன்று விரல். நான்கு அனுப்பினேன். கை பாதியில் நின்றது. "மொதல் ஒண்ணுதான் தெளிவா இருந்தது. மத்தது கரைஞ்சு போச்சு" என்றார். எதிரொலி அப்படித்தான் கூடிக் குறையும்.

கடைசியாக ஒரு குறும்பு செய்தேன். டிரைவரிடம் மூன்று விரலைக் காட்டிவிட்டு, எதுவுமே அனுப்பாமல் சும்மா இருந்தேன். அவர் காத்திருந்தார். கழுத்தைச் சாய்த்துக் கேட்டார். பிறகு திரும்பி, "எங்கே? நீ அனுப்பவே இல்லையே!" என்றார்.

"யம்மா, சாருக்கு நெஜமாவே கேக்குதும்மா" என்றார் டிரைவர். அவர் குரலில் பயம் தெரிந்தது. "நெலாவுலேர்ந்தா வருது?"

நிலாவிலிருந்துதான். என் 'டா' நிலாவுக்குப் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தது, எனக்கு மட்டும் வரவில்லை. மறுபடியும் அனுப்பினேன். அவர் தலையை ஆட்டினார். எனக்கு உஸ். இதிலும் நான் லைன் போட்டுக் கொடுத்துவிட்டு விலகிக்கொள்ள வேண்டியதுதானா? அடக்க முடியவில்லை, கண்ணீர் வந்துவிட்டது. கோபமா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. நிலா ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் சில நிமிஷம் போனால் கடல் கொடுக்கும் பலமும் போய்விடும்.

அவர் வந்து வழக்கம்போல என் இடது பக்கத்தில் நின்று ஏதோ முணுமுணுத்தார்.

"என்ன சொன்னேள்?"

மறுபடியும் ஏதோ சொன்னார்.

"என்னன்னா?"

"ஒண்ணுமில்ல!"

"இன்னா சார் ஒண்ணுமில்ல?" என்று டிரைவர் பாய்ந்தார். "யம்மா, ரெண்டு தபா சொல்ட்டாரும்மா! காத மாத்து, காத மாத்துன்றாரு. வர்ற வழியில்கூட என்னாண்ட அதத்தான் சொல்லிக்கினு வந்தாரு. உங்களுக்கு இந்தப் பக்கக் காது கேக்கறதில்லயாம், டாக்டராண்ட போலான்னு கூப்டா காதுலயே வாங்கலயாம்."

ஹெட்செட்டைக் கழற்றி, திருப்பி, வலது காதில் மாட்டினேன். அந்தக் காதில் அது உட்காரவே இல்லை, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். முதலில் உஸ் என்ற சத்தமே புதிதாக இருந்தது, மழை அருகில் வந்துவிட்ட மாதிரி. கட்டையைத் தட்டினேன். டா, டா, டா. நிறுத்தினேன்.

வந்தது. அடுத்த தெருவில் யாரோ சங்கு ஊதிப் பழகுகிற மாதிரி, மெல்லிசாக, நடுங்கிக்கொண்டு, பஞ்சமத்தில். ஒன்று, இரண்டு. மூன்றாவது இருந்ததா இல்லையா என்று சொல்ல முடியாது. அது என் கை அடித்த 'டா'. அங்கே வரைக்கும் போயிருக்கிறது, முட்டியிருக்கிறது, என்னைத் தேடி வந்திருக்கிறது. நான் ஓவென்று அழுதேன். அழுதுகொண்டே மறுபடியும் தட்டினேன், மறுபடியும் வந்தது. எத்தனை தடவை என்று கணக்கு வைக்கவில்லை. அது தேய்ந்து தேய்ந்து உஸ்ஸில் கலக்கும் வரை தட்டிக்கொண்டே இருந்தேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் மேகம் அப்படியே இருந்தது. அவர் நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருந்தார்.

"சாப்பிடுங்கோ. மாத்திரை போட வேண்டாமா?" என்றேன்.

"எப்படிச் சாப்பிடறது? நிலாவை இன்னும் பாக்கலையே."

"கேட்டேளே! என்னைவிட முன்னாடி கேட்டேளே!"

"கேட்டா போறாது. பாக்கணும். சந்திர தரிசனம்னுதான் இருக்கு, சந்திர சிரவணம்னு இல்ல."

பொய் சொல்லிச் சாப்பிட்டுவிடுவார் என்று பரீட்சை வைத்தேனே, அந்த மனுஷர் சொல்கிற பேச்சா இது! வாதாடினேன். பார்ப்பது என்றால் என்ன? சூரிய வெளிச்சம் நிலா மேல் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணுக்கு வருகிறது. என் சிக்னல் அதே நிலா மேல் பட்டுத் திரும்பி உங்கள் காதுக்கு வந்தது. இரண்டும் ஒன்றுதான், வாசல்தான் வேறு.

"சாஸ்திரத்துல இருக்கா?" என்றார்.

"சாஸ்திரம் எழுதினவா ஆத்துல ரேடியோ இல்ல."

"சார், கேளு சார்" என்று டிரைவர் என் கட்சிக்கு வந்தார். "ஊர்லேர்ந்து எங்கம்மா போன் பண்ணுது. மூஞ்சி தெர்ல. அதுக்காவ எங்கம்மா இல்லன்னு சொல்வனா?"

அதில் அவர் விழுந்துவிட்டார். பஞ்சபாத்திரத்தை எடுத்து, ஆன்டெனா காட்டும் திசையைப் பார்த்து மூன்று தரம் தண்ணீர் விட்டுக் கும்பிட்டார். கேரியரைத் திறந்தார். டிரைவருக்கு இரண்டு கொழுக்கட்டை கொடுத்துவிட்டு, தயிர் சாதத்தை உருட்டி வாயில் போட்டுக்கொண்டு மோர் மிளகாயைக் கடித்தார். அந்தக் கடியின் சத்தம்கூட எனக்கு வலது காதில் கேட்டது.

இரண்டாவது கவளம் உள்ளே போகும்போது மேகச் சுவரில் ஒரு ஜன்னல் திறந்தது. சதுர்த்தி நிலா, ஒரு பக்கம் நசுங்கி, மஞ்சளாக, ஆன்டெனா நுனிக்கு நேர் எதிரே வந்து நின்றது. "சார், வந்துட்டாரு" என்றார் டிரைவர். என் வீட்டுக்காரர் வாய் நிறையச் சோற்றோடு அதை முறைத்தார். பிறகு எச்சில் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு இடது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

எல்லாவற்றையும் பிரித்து வண்டியில் ஏற்றினோம். அவர் வழக்கம்போல ஜன்னல் ஓரம் ஏறுவதற்காக எனக்கு வழி விட்டு நின்றார்.

"நீங்க நடுவில உக்காருங்கோ" என்றேன்.

கியர் முட்டியில் இடிக்குமே என்று பார்க்காமல் ஏறி நடுவில் உட்கார்ந்தார். நான் ஜன்னல் ஓரம். இப்போது அவர் என் வலது பக்கம். அடையாறு பாலம் தாண்டியதும் கேட்டேன்.

"ஏன்னா, அன்னிக்குச் சமையல் உள்ளில, எல்லாத்தையும் வித்துடறேன்னு சொன்னேனே. அப்போ என்ன சொன்னேள்?"

"விக்காதேன்னு சொன்னேன்."

ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன். காற்றில் கண் கலங்கத்தான் செய்யும்.

"அதைக் கொஞ்சம் உரக்கச் சொன்னா என்னவாம்?"

"உரக்கத்தான் சொன்னேன்" என்றார்.